பால் தப்பித்தது, வெங்காயம் மாட்டியது: வயிற்றுக்கு ஆகாததை வீட்டிலேயே கண்டுபிடித்த 14 வாரப் பதிவு

வீட்டில் ஒருவருக்கு வயிறு உப்பிக்கொண்டே இருந்தது, எந்தச் சாப்பாட்டால் என்று தெரியவில்லை. விடை கிடைக்க 14 வாரம் ஆனது. செலவு சுமார் 65 சிங்கப்பூர் வெள்ளி. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் அனுப்பும் பெட்டி எதுவும் வாங்கவில்லை. ஆரம்பத்தில் சந்தேகம் முழுக்கக் காலைப் பால் மேல்தான் இருந்தது. கடைசியில் மாட்டியது வெங்காயமும் பூண்டும். நடுவில் மூன்று வாரம் சுத்தமாக வீணாயிற்று. அது எப்படி வீணானது என்பதுதான் இந்தப் பதிவிலேயே அதிகம் உதவக்கூடிய பகுதி.

முதலில், யார் இதைச் செய்யக்கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பேசுவது ஒத்துக்கொள்ளாமை: வயிறு உப்புவது, வாயு, இழுத்துப் பிடிக்கும் வலி, வயிற்றுப்போக்கு. ஒவ்வாமை வேறு. இறாலோ நிலக்கடலையோ சாப்பிட்டு உடம்பு தடித்தது, உதடு வீங்கியது, மூச்சு இழுத்தது என்றால் அதை வீட்டில் ‘இன்னொரு தடவை சாப்பிட்டுப் பார்க்கலாம்’ என்று முயலவே கூடாது. அப்படி நடந்தால் அவசர மருத்துவ உதவி எண்ணான 995ஐ அழைக்க வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை இவற்றில் ஒன்று இருந்தாலும் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) தான் முதல் படி. பிள்ளைகள், கர்ப்பிணிகள், இன்சுலின் போடுபவர்கள், சாப்பாட்டோடு ஏற்கெனவே மல்லுக்கட்டுபவர்கள் உணவியல் நிபுணர் இல்லாமல் இறங்க வேண்டாம்.

இன்னொன்று. கோதுமை மேல் சந்தேகம் என்றால், அதை நிறுத்துவதற்கு முன்பே, கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையை முடித்துவிட வேண்டும். அந்தப் பரிசோதனை தேடுவது கோதுமைப் புரதம் தூண்டுவதால் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை. சாப்பிடுவதை நிறுத்தினால் அது குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். ஏற்கெனவே நிறுத்தியவர்கள் குறைந்தது ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டுத்தான் ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். வயிறு தேறிய பிறகு அதைவிடக் கொடுமை இல்லை.

பெட்டிகளைப் பற்றி ஒரு பத்தி போதும். இணையத்தில் சில நூறு வெள்ளிக்கு விற்கும் பெரும்பாலான பெட்டிகள் ரத்தத்தில் ஐஜிஜி எதிர்ப்பொருளை அளக்கின்றன. அடிக்கடி சாப்பிடும் உணவுக்கு அந்த எதிர்ப்பொருள் இருப்பது இயல்பு. தினமும் முட்டை சாப்பிட்டால் பட்டியலில் முட்டை சிவப்பாக வரத்தான் செய்யும். ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவக் கழகம் 2008இலேயே இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அமெரிக்க, கனடியக் கழகங்களும் அதையே சொல்லியிருக்கின்றன. முடியை அனுப்பும் சோதனைக்கு இந்த அளவு விளக்கம்கூடத் தேவையில்லை. குடலில் உருவாகி மூச்சில் வரும் ஹைட்ரஜனை ஊதிப் பார்த்து அளக்கும் கையடக்கக் கருவிக்கு ஓரளவு அடிப்படை உண்டு. ஆனால் சிலருடைய குடலில் ஹைட்ரஜன் மீத்தேனாக மாறிவிடும். ஹைட்ரஜனை மட்டும் அளக்கும் கருவி அவர்களிடம் ஏமாந்துபோகும்.

வாங்கிய சாமான்: ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு 16 வெள்ளி, 0.1 கிராம் காட்டும் குட்டித் தராசு 12, மூடிபோட்ட ஒளி ஊடுருவாத குவளைகள், ஒட்டுநாடா, சிறு உறைகள் எல்லாம் சேர்த்து 5, நோட்டுப் புத்தகம் 1, இனுலின் தூள் (இன்சுலின் அல்ல, ஒரு நார்ச்சத்துத் தூள்) 15, இரண்டு வகைப் பாலும் இரண்டிரண்டு லிட்டர் சேர்த்து 16. தையல் நாடாவும் வெந்நீர்க் குடுவையும் வீட்டிலேயே இருந்தன. குட்டித் தராசு இல்லாமல் தேக்கரண்டியால் சமாளிக்கலாம் என்று முதலில் நினைத்தோம். முடியாது. ஒரே கரண்டியில் தூளைத் தட்டி எடுத்தால் ஓர் எடை, கோரி எடுத்தால் ஒன்றரை மடங்கு.

வாரம் 1: எதையும் மாற்றாமல் எழுதுவது

வழக்கமான சாப்பாடு, வழக்கமான நேரம். ஒவ்வொரு வேளைக்கும் மணி, அளவு. உப்புசம், வலி, வாயு மூன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். மலத்துக்கு, அதன் கெட்டித்தன்மையை வகைப்படுத்தும் பிரிஸ்டல் அட்டவணையின் 1 முதல் 7 வரை எண். காலை எழுந்ததும், இரவு ஒன்பது மணிக்கும் தொப்புள் மட்டத்தில் நாடா வைத்து அளவு. நாடாவை மூச்சை வெளியே விட்ட பிறகு வைக்க வேண்டும், ஒரே ஆள் வைக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு சென்டிமீட்டர் தானாகவே கூடிக் குறையும். தூக்கம், மாதவிடாய் நாள், வெளியே சாப்பிட்டது இவையும் அதே பக்கத்தில். மாதவிடாயை ஒட்டிய நாட்களில் குடலின் போக்கே மாறுவது சகஜம். அதைக் குறிக்காமல் விட்டால் பழி சாப்பாட்டின் தலையில் விழும்.

அந்த வாரத்துப் பக்கங்களிலேயே ஒரு துப்பு இருந்தது. பால் குடிப்பது காலை ஏழு மணிக்கு. வயிறு உப்புவது மாலை ஆறுக்கு மேல். பாலில் உள்ள லாக்டோஸ் ஆகாதவர்களுக்கு அரை மணியிலிருந்து இரண்டு மூன்று மணிக்குள் வயிறு பேச ஆரம்பித்துவிடும். பதினோரு மணிநேரம் காத்திருக்காது. இதை நாங்கள் அப்போது கவனிக்கவில்லை.

வாரம் 2 முதல் 4: வீணான மூன்று வாரம்

குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே நொதித்து வாயுவாகும் சர்க்கரைகளுக்கு ஃபாட்மேப் என்று பெயர். அவற்றை நிறுத்திப் பார்க்கும் முறை மெல்பர்னின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. வெங்காயம், பூண்டு, கோதுமையில் ஃப்ரக்டான், பருப்பு, கடலை வகைகளில் காலக்டன், பாலில் லாக்டோஸ், தேனில் குளுக்கோஸை மிஞ்சிய ஃப்ரக்டோஸ், மொட்டுக் காளானில் மானிட்டால். எல்லாவற்றையும் இரண்டு முதல் ஆறு வாரம் நிறுத்தி, வயிறு அமைதியானதும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

நிறுத்தியதாக நினைத்தோம். குழம்பு வழக்கம்போல் கொதித்தது. வெந்த வெங்காயத்தையும் பூண்டையும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டது. பெரிய தப்பு. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும். கொதிக்கக் கொதிக்கக் குழம்பில் இறங்கிவிடும். ஒதுக்கியது சக்கையை, குடித்தது சாற்றை. மூன்று வார மதிப்பெண்களும் முதல் வாரத்தைப் போலவே இருந்தன.

எண்ணெயில் அது கரையாது என்பதால் வாசனைக்கு வழி உண்டு. 100 மி.லி. நல்லெண்ணெயில் நசுக்கிய ஆறு பல் பூண்டை மிகக் குறைந்த தீயில் எட்டுப் பத்து நிமிடம் வைத்து, பொன்னிறமானதும் வடிகட்டிப் பூண்டை எறிந்துவிட வேண்டும். சட்டியில் தண்ணீரோ தக்காளியோ புளிக்கரைசலோ விழுவதற்கு முன்பே பூண்டு வெளியே வந்திருக்க வேண்டும். இந்த எண்ணெயை மேடையில் வைக்காதீர்கள். காற்றில்லாத எண்ணெய்க்குள் பூண்டு ஈரத்தோடு இருந்தால் கொடிய நஞ்சை உண்டாக்கும் பொட்டுலிசக் கிருமி வளர இடமுண்டு, நம் ஊர் வெக்கைக்குக் கேட்கவே வேண்டாம். குளிர்பதனப் பெட்டியில் அதிகபட்சம் மூன்று நாள், அல்லது ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைப்பது.

இரண்டாவது ஓட்டை மசாலாத் தூள். முஸ்தபா கடையில் எடுத்த மூன்று பொட்டலங்களில் ஒன்றில் பூண்டுத்தூள் பின்பக்கப் பட்டியலில் ஏழாவதாக இருந்தது. இக்கான் பிலிஸ் (நெத்திலி) சாற்றுக் கட்டியில் வெங்காயத்தூள். சிங்கப்பூரில் பசையப் புரதம் (குளூட்டன்) உள்ள தானியம், பால், முட்டை, மீன், ஓட்டுடலிகள், நிலக்கடலை, சோயா, கொட்டைகள், சல்ஃபைட் ஆகியவற்றைப் பொட்டலத்தில் அறிவித்தே ஆக வேண்டும். பூண்டும் வெங்காயமும் அந்தப் பட்டியலில் இல்லை. ‘மசாலாப் பொருள்கள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அவை ஒளிந்துகொள்ளலாம். மல்லி, சீரகம், மிளகு, வற்றல், மஞ்சள் வாங்கி வீட்டிலேயே அரைத்த பிறகுதான் நிம்மதி. பெருங்காயத்துக்கு ஒரு விளக்கம்: கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும். சீலியாக் உள்ளவருக்கு அது முக்கியம். ஃபாட்மேப் கணக்கில் ஒரு சிட்டிகை ஒன்றும் செய்யாது. அதற்காகப் பதற்றப்பட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வாரம் 5 முதல் 8: சரியான அடித்தளம்

சோறு, இடியாப்பம், புட்டு, முட்டை, கோழி, மீன், கேரட், கத்திரிக்காய், வெண்டைக்காய், கீரை, வெள்ளரி, ஆரஞ்சு, பப்பாளி. வாழைப்பழம் என்றால் கெட்டியாக இருக்கும்போதே. நன்றாகப் பழுத்தால் ஃப்ரக்டான் ஏறும். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி மட்டும். தேங்காய்ப்பால் ஒரு வேளைக்குக் கால் கப். இட்லி, தோசை தற்காலிகமாக இல்லை. உளுந்து ஊறிப் புளிக்கும்போது காலக்டன் குறையும் என்றாலும், எவ்வளவு குறைந்தது என்று வீட்டில் அளக்க வழியில்லை.

காப்பிக்கடையில் ‘தே ஓ’ (பால் சேர்க்காத தேநீர்) தவிர எதுவும் இல்லை. பிராட்டா (பரோட்டா) பாதுகாப்பா என்று கேட்டதற்கு மாவு பிசைபவர் சொன்ன பதில் உதவியது.

“அண்ணே, மாவுல பால் ஏதாச்சும் சேர்க்குறீங்களா?”

“கெட்டிப்பால் கொஞ்சம் விடுவோம் தம்பி. இல்லேன்னா இந்த மாதிரி சிவக்காது.”

ஒரே ரொட்டியில் கோதுமையும் பாலும். சோதனைப் பொருளாக அது எதற்கும் ஆகாது.

ஏழாவது வாரக் கடைசியில் இரவு உப்புசம் 7இலிருந்து 2க்கு வந்தது. காலைக்கும் இரவுக்கும் இடுப்பளவு வித்தியாசம் 6 செ.மீ. இருந்தது 2ஆனது. ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் ஒன்றும் குறையாவிட்டால் காரணம் ஃபாட்மேப் இல்லை. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிட வேண்டியதுதான். குறைந்துவிட்டது என்று அதிலேயே தங்கிவிடுவதும் தப்பு. குடல் கிருமிகளுக்குத் தீனியே அந்த நார்ச்சத்துகள்தான்.

பால்: கண்ணைக் கட்டிய சோதனை

வெளிப்படையாகத் தொடங்கினோம். முதல் நாள் 60 மி.லி., மறுநாள் 125, மூன்றாம் நாள் 250. பிறகு மூன்று நாள் ஓய்வு. மூன்றாம் நாள் உப்புசம் 6. பால்தான் என்று முடிவு கட்டியிருப்போம்.

ஆனால் குடிப்பவருக்குத் தான் குடிப்பது பால் என்று தெரியும். அந்தப் பயமே வயிற்றைப் பிசையும். 1995இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பால் அறவே ஆகாது என்று உறுதியாகச் சொன்ன 30 பேருக்கு தினம் 240 மி.லி. வீதம் சாதாரணப் பாலும் லாக்டோஸ் உடைத்த பாலும் எது எதுவென்று சொல்லாமல் கொடுத்தார்கள். இரண்டுக்கும் தொல்லையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. மருத்துவமனை மூச்சுப் பரிசோதனையில் வழக்கமாகக் கொடுப்பது 25 கிராம் லாக்டோஸ். ஒரு குவளை பாலில் இருப்பது சுமார் 12 கிராம். அங்கே தோற்றவர்களில் பலர் இந்த அளவைத் தாங்குவார்கள்.

எனவே மஞ்சள் பால். ஃபேர்பிரைஸ் பேரங்காடியில் லாக்டோஸ் இல்லாத பால் ஒன்று, சாதாரணப் பால் ஒன்று, இரண்டும் ஒரே கொழுப்பளவில். லாக்டோஸ் இல்லாத பால் பொதுவாக இனிக்கும், ஏனென்றால் லாக்டோஸ் உடைந்து குளுக்கோஸும் காலக்டோஸும் ஆகியிருக்கும். இதைச் சமன் செய்ய சாதாரணப் பாலில் 250 மி.லி.க்கு 4 கிராம் சீனி. இரண்டையும் மற்றொருவர் சுவைத்துப் பார்த்துச் சீனியைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். முன்பே லாக்டோஸில் ஒரு பகுதியை வடிகட்டி எடுத்துவிடும் தயாரிப்புகள் அவ்வளவு இனிக்காது. லாக்டோஸ் இல்லாத பால் கொதித்தால் சீக்கிரம் பழுப்பேறும். அதை மறைக்கத்தான் கால் தேக்கரண்டி மஞ்சள், இரண்டு சிட்டிகை மிளகுத்தூள், ஓர் ஏலக்காய். ஓரத்தில் குமிழ் வந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். தேயிலை சேர்க்கவில்லை. காஃபீன் தன் பங்குக்கு வயிற்றைக் கலக்கும். கடைத் தேநீரில் சோதிக்காததற்கு இன்னொரு காரணம், பல கடைகளில் ஊற்றுவது முழுப் பால் இல்லை, பாமாயில் கலந்த இனிப்புக் கிரீமர். அதில் லாக்டோஸ் எவ்வளவு என்பது ஊற்றுபவருக்கே தெரியாது.

ஆறு சீட்டு, மூன்றில் ‘பால்’, மூன்றில் ‘போலி’. கலப்பவர் ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டை எடுத்து உறையில் போட்டு ஒட்டிவிடுவார். எடுத்த சீட்டு திரும்ப உள்ளே போகாது. ஒருநாள் விட்டு ஒருநாள், காலை ஏழு மணி, வெறும் வயிறு, அடுத்த இரண்டு மணிநேரம் தண்ணீர் மட்டும். 12 நாளில் முடிந்தது. கடைசியில் குடித்தவர் மூன்று நாளைத் தேர்ந்தெடுத்து ‘இவைதான் பால்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

இரண்டு இடத்தில் குட்டு வெளிப்படப் பார்த்தது. குளிர்பதனப் பெட்டியில் எந்த அட்டைப்பெட்டி இலேசாகியிருக்கிறது என்று தூக்கிப் பார்த்தாலே போதும். அதனால் தினமும் இரண்டிலிருந்தும் 250 மி.லி. எடுத்து, தேவையில்லாததைக் கலப்பவரே குடித்துவிட்டார். அடுத்தது கலப்பவரின் முகம். எதைக் கொடுத்தோம் என்று தெரிந்தவர் எதிரே உட்கார்ந்திருந்தால் புருவமே காட்டிக்கொடுத்துவிடும். குடுவையில் ஊற்றி மேடையில் வைத்துவிட்டு அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

உறைகளைப் பிரித்தபோது ஆறில் நான்கு சரி. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒன்றுமில்லை. ஆறில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 20 வழி. கண்ணை மூடிக் குறித்தாலும் அதில் 9 வழிகளில் நான்கு சரியாக வந்துவிடும். ஆறும் சரியாக வருவதற்கு ஒரே ஒரு வழிதான். மதிப்பெண்களும் ஒட்டியே இருந்தன: பால் நாட்களின் சராசரி 2.7, போலி நாட்கள் 2.3. ஒரு குவளை பால் விடுதலை. தோற்றிருந்தால்? நெய்யில் லாக்டோஸ் இல்லையென்றே சொல்லலாம், தயிரைப் பலர் தாங்குவார்கள், முதல் வாய்க்கே லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் மாத்திரை ஒன்று போடலாம்.

ஃப்ரக்டான்: ரசத்தில் மறைத்த இரண்டு கிராம்

வெளிப்படையான சுற்று முதலில். வதக்கிய வெங்காயம் 20, 40, 80 கிராம், மூன்று நாள். ஒரு சின்ன வெங்காயம் எட்டுப் பத்து கிராம் இருக்கும். இரண்டாம் நாளே உப்புசம் 7. மூன்றாம் நாள் அளவைக் கொடுக்கவில்லை. தெளிவாகத் தெரிந்த பிறகு ஏற்றுவதில் அர்த்தமில்லை.

வெங்காயத்தைக் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாமல் கொடுப்பது எப்படி என்பதில் ஒருநாள் போனது. தீர்வு இனுலின். சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் ஃப்ரக்டான் தூள், உடல்நலக் கடைகளில் நார்ச்சத்து என்று விற்கிறது. வெங்காயத்தில் உள்ளதைவிட மூலக்கூறுச் சங்கிலி நீளம், ஆனால் அதே குடும்பம். சாம்பார் ஆகாது, துவரம்பருப்பின் காலக்டன் குறுக்கே வரும். பருப்பில்லாத மிளகு ரசம்தான் சரியான பாத்திரம்: புளி 10 கிராம், தக்காளி 60, மிளகு 3, சீரகம் 3, வற்றல் ஒன்று, கறிவேப்பிலை, மல்லித்தழை, தாளிக்க மேலே சொன்ன பூண்டு எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. பூண்டு மணம் எல்லா நாளும் இருக்கும், ஃப்ரக்டான் மூன்று நாள் மட்டும்.

2.0 கிராம் இனுலினை 20 மி.லி. வெந்நீரில் முழுக்கக் கரைத்து, அடுப்பை அணைத்த பிறகு 200 மி.லி. ரசத்தில் கலக்க வேண்டும். நேராகத் தூவினால் கட்டி கட்டியாக மிதக்கும். புளியோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் அமிலமும் சூடும் சேர்ந்து அதை உடைக்கத் தொடங்கும், சோதனை நீர்த்துப்போகும். போலி நாளில் 20 மி.லி. வெறும் வெந்நீர். மதியம் ஒரு மணிக்குச் சோற்றோடு. ஒவ்வொன்றுக்கும் பிறகு இரண்டு நாள் இடைவெளி, ஏனென்றால் ஃப்ரக்டானின் வால் நீளம். ஆக 18 நாள்.

ஆறும் சரி. இனுலின் நாட்களில் மாலை ஐந்து முதல் ஏழுக்குள் உப்புசம் 6, 7, 6. போலி நாட்களில் 1, 2, 2. நாடா அளவு மூன்று முறையும் 4 செ.மீ.க்கு மேல் ஏறியது. முதல் வாரத்து மாலை ஆறு மணியின் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

கோதுமையிலும் ஃப்ரக்டான் உண்டு, பூண்டைப்போல் எடைக்கு அவ்வளவு இல்லை. நார்வேயில் 59 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், பசையப் புரதம் ஆகாது என்று நினைத்தவர்களுக்கு அந்தப் புரதத்தைவிட ஃப்ரக்டானே அதிகத் தொல்லை கொடுத்தது. இங்கே சப்பாத்தி ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றியதில் இரண்டு வரை அமைதி. கொண்டைக்கடலை, தேன், காளான் சுற்றுகள் இன்னும் பாக்கி.

மறுபடி செய்தால் மாற்றுவது சில உண்டு. பால் பற்றிய வெளிப்படைச் சுற்றை விட்டுவிட்டு நேராகக் கண்ணைக் கட்டிய சுற்றுக்குப் போவோம். ஆறு நாள் மிச்சம். மசாலாவை முதல் நாளே வீட்டில் அரைப்போம். தீபாவளியை ஒட்டித் தொடங்க மாட்டோம். இனுலினை 1 கிராமில் ஒரு சுற்று, 2இல் ஒரு சுற்று என்று பிரித்தால் தாங்கும் எல்லை எண்ணாகவே கிடைத்திருக்கும். இப்போதைக்குக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் தாள் இதுதான்: பால் 250 சரி, சப்பாத்தி 2, வெங்காயம் ஒரு வேளைக்கு 20 கிராம், அதாவது சின்ன வெங்காயம் இரண்டு, பூண்டு எண்ணெய் மட்டும், போட்ட தேதியைக் குப்பியில் எழுத வேண்டும்.